சிசுரு கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்ட சிந்தசைசர்

இசைக்கருவிக் கடைகள் வரிசைகட்டிய ஓச்சனோமிசு சரிவில் என் கிட்டார் கடைக்கு மேல்மாடியில் இருப்பவர் இசோபே சிசுரு. பழைய சிந்தசைசர் கீபோர்டுகளுக்கு வைத்தியம் பார்ப்பது அவர் தொழில். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வேலை சுத்தம் என்பதால் அந்தம்மாவின் வாயை எல்லோரும் பொறுத்துக்கொள்கிறோம்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. சுவிட்ச் போட்டபின் நாற்பது நிமிடம் யாரும் கட்டையைத் தொடக்கூடாது. உள்ளே சூடேறி நிலைகொள்ளும்வரை சுருதி நழுவிக்கொண்டே இருக்கும். எப்பேர்ப்பட்ட வித்வானும் அதுவரை பார்லித் தேநீரைக் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

போன வருடம், நாற்பது ஆண்டுக்கு முந்தைய மாடல் ஒன்றை அதே கம்பெனி மறுபடி வெளியிட்டது. விலை ஐந்து லட்சம் யென். ஒரு இசைக்குழுவில் அந்த மாடலின் அசலை வாசிக்கும் கன்பாரா அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். சப்போரோ மேடையில் பாதிப் பாட்டில் அது ஊமையாகிவிட்டதாம். இன்னொரு தடவை இப்படி ஆனால் குழுவில் இடமில்லை என்று பாடகி சொல்லிவிட்டாளாம்.

“இசோபே-சான், புதுச வாங்கிடலாமா?”

“அஞ்சு லட்சத்துக்கு அழகா ஒரு பெட்டி வேணும்னா வாங்குங்க. அதுல உயிர் இருக்காது. கண்ணக் கட்டிவிட்டாலும் எது பழசுன்னு நான் சொல்லிடுவேன்.”

“கட்டிட்டாப் போச்சு!” என்றேன் நான். இவர் ஒருநாளாவது தோற்பதைப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மறுவாரம் எதிர்க்கடைக்காரர் காட்சிக்கு வைத்திருந்த புதியதைத் தூக்கிவந்து அப்போதுதான் சுவிட்சைப் போட்டார். சிசுரு ரிப்பேர் பார்த்து முடித்த பழையது காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. சிசுருவின் கண்ணைத் துண்டால் கட்டினேன். கன்பாரா இரண்டிலும் ஒரே வரியை வாசித்தார். இரண்டாவதில் சுருதி லேசாக நழுவியது.

“ரெண்டாவதுதான் பழசு. இதுக்கு ஒரு பரீட்சையா!”

அது புதியது. எனக்குச் சிரிப்பு வந்தது. துண்டை அவிழ்த்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன், சிரித்ததற்கு வெட்கமாகிவிட்டது. அவர் போட்ட சட்டத்தை அவரே அன்று மறந்திருந்தார். சுருதி நழுவியதுமே பழசு என்று முடிவுகட்டிவிட்டார்; புதியதற்கும் சூடேற நேரம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

புதியதன் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். “அதே சர்க்யூட்டைத்தான் போட்டிருக்கானுங்க, படுபாவிங்க!” அதில் திட்டைவிட மரியாதைதான் அதிகம்.

“அப்போ என்னோடது?” என்றார் கன்பாரா.

“அதோட சுருதி இம்மி நகரல. அது என் கைவேலை. ஆனா வேன்ல ஊர் ஊரா குலுங்கற வயசு அதுக்கில்ல, கூடவே நானும் வர முடியாது. புதுச வாங்குங்க. மேடையில வாசிக்கறவனுக்கு அந்த விலை தகும். வீட்ல வச்சுத் தொடைக்கறவனுக்குத்தான் தண்டம்.”

தோற்ற மனுஷி பேசுகிற பேச்சா அது? கன்பாரா வாங்கினார்.

சுற்றுப்பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு பெரிய அட்டைப்பெட்டியோடு மறுபடி மாடியேறினார். ஒட்டிய டேப்கூடப் பிரிக்கவில்லை.

“அதுக்குள்ள ரிப்பேரா?” என்றார் சிசுரு.

“இல்ல. நீங்க ஒருதடவ உள்ள பாத்துடுங்க. அப்பதான் எனக்கு மேடையில கை ஓடும்.”

“பைத்தியமா உங்களுக்கு? நான் திறந்தா கம்பெனி கேரண்டி செல்லாதுங்க.”

“செல்லலன்னா போகுது. திறங்க.”