சுவருக்கு வெளியே எங்கள் அப்பா

எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "கடைசியில் இப்படி ஆகிவிட்டதே" என்ற இரங்கல் பாட்டு எதுவும் இந்த நினைவு மலரில் இராது. அப்படி எழுதித் தந்தவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரை ஊர் ஒன்றில், முத்துக்குளிப்பவரின் மகனாகப் பிறந்தார்கள் அப்பா. அரும்பாடுபட்டுப் படித்து வக்கீலானார்கள். துறைமுகத் தொழிலாளர் வழக்குகளில் நின்றார்கள். வெள்ளைக்கார ஆட்சியை மேடையில் கிழித்துச் சிறைக்குப் போனார்கள். திரும்பி வந்து நகரசபைத் தேர்தலில் ஜெயித்தார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு வாரப் பத்திரிகை வேறு. அச்சு மை அப்பிய கோட்டைத் துவைத்தே அம்மா அலுத்துப் போனார்கள்.

வம்பு வந்தது அந்தப் பத்திரிகையால்தான். எங்கள் மாதா கோயிலில் அடக்கத்துக்கு மூன்று தரம் உண்டு. முதல் தரத்துக்கு எல்லா மணிகளும் முழங்கும், பாடகர்கள் வருவார்கள். மூன்றாம் தரத்துக்கு ஒரு சின்ன மணி மட்டும். முத்தெடுக்கப் போய்க் கடலில் மூச்சு முட்டிச் செத்த ஒரு குளியாளுக்குச் சின்ன மணி அடித்த அதே வாரம், அவன் வேலை செய்த வள்ளத்தின் முதலாளிக்கு ஊரே அதிர மணி அடித்தார்கள். "செத்த பிறகுமா தரம் பிரிப்பது?" என்று அப்பா எழுதினார்கள். கோயில் அப்பாவை விலக்கி வைத்தது. விலக்கப்பட்டவர்களுக்கு மணியும் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது.

யுத்தம் முடிந்த வருஷம் அம்மா போய்விட்டார்கள். அம்மாவின் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அப்பா தமக்கென்று ஆசைப்பட்டது. சுதந்திரக் கொடி ஏறியதைப் பார்த்துவிட்டுப் படுக்கையில் விழுந்தபோது, கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வீடு தேடி வந்தார்.

"அண்ணாச்சி, தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. மதினி பக்கத்துலயே இடம் தாரோம்."

அண்ணன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா சிரித்தார்கள்.

"தப்பா எழுதலியே! பொய்யச் சொல்லிட்டு அவ பக்கத்துல போய்ப் படுத்தா, மூஞ்சியத் திருப்பிக்கிடுவாள்லா?"

மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, மணலில் அடக்கினோம். எங்கள் கரையில் துக்க மணி கேட்டால் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. அப்பாவுக்கு எந்த மணியும் அடிக்கவில்லை. ஆனாலும் ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. அதைப் பார்த்தபின்தான் நான் அழுதேன்.

பெட்டியைத் தோளில் சுமந்த குளியாட்களுக்கும், சாமியார் வராத குறை தெரியாமல் ஜெபம் சொன்ன அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும், உடன் நின்ற வக்கீல் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இப்போதும் சில உறவினர்கள், "ஏளா, அப்பாவுக்காவ நீ மன்னிப்புக் கேளு, உள்ள மாத்திருவோம்" என்கிறார்கள். அவர்களுக்கு என் பதிலை அச்சிலேயே தருகிறேன்: கேட்க மாட்டேன். அம்மாவுக்குத் துணையாக அண்ணன் உள்ளே படுக்கட்டும். நான் அப்பாவோடு வெளியே படுத்துக்கொள்கிறேன்.

— மகள்