வளைவில் சிக்கிய பெட்டி

மரியஅந்தோணி இறந்து எட்டு மாதம் ஆகிறது. நாயுடுபுரத்தில் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் யாரும் அவர் இறந்த நாளைச் சொல்வதில்லை. அதற்கு ஒன்றரை வருடம் முன்னால், நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு உயிரோடு சவப்பெட்டிக்குள் ஏறிப் படுத்தாரே, அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் சொல்வார்கள்.

அவர் மனைவி ஆக்ஸிலியாவை அன்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுப்படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டு, வெளியே நடப்பது வேறு யார் வீட்டு விஷயமோ என்பதுபோல இருந்தாள்.

இந்த மனிதரின் ஒத்திகைகளோடு நாற்பத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். ராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவில் பதினேழு வருடம் இருந்தவர். செய்து பார்க்காமல் எதையும் செய்யக்கூடாது என்று அங்கே பழகியதை வீட்டிலும் அவர் விடவில்லை. மகன் டெனிஸ் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் லீவில் வந்தவர், மூன்று கிலோ காரட்டைத் துண்டில் சுற்றி, ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீடு வரை மார்போடு அணைத்துத் தூக்கி வந்து பார்த்தார். வழியெல்லாம் குழந்தை பார்க்கக் கூட்டம். ஒருத்தி துண்டை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு, "அப்படியே அப்பா ஜாடை" என்றாள்.

ஓய்வு பெற்று வந்தபின் குழாய் வேலை. நாயுடுபுரத்தில் பாதி வீடுகளுக்கு அவர்தான் லைன் இழுத்தார். விடியும் முன்பே எழுந்து ஆக்ஸிலியாவுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பையைத் தூக்குவார். யார் கூப்பிட்டாலும் மாட்டேன் என்று சொன்னதில்லை. வினை வந்ததும் அதனால்தான்.

மலைச்சரிவில் இருந்த அவர்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்க ஒரு படிச்சந்து. நடுவில் ஒரு வளைவு. ஒரு பக்கம் சரிவைத் தாங்கும் கல்சுவர், மறுபக்கம் குருநாதன் வீடு. அந்த வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கியபோது குருநாதன் பாத்ரூமைச் சந்துக்குள் ஒன்றரை அடி தள்ளிக் கட்டினார். ஆள் போகலாம், நீளமாக எதையும் திருப்ப முடியாது. மேல் வீட்டுச் சேனாதிபதி இறந்தபோது பாடை அங்கே திரும்பவில்லை. ஹோம்ஸ்டேயில் இரண்டு பக்கமும் கதவு இருந்த ஒரு ரூம் வழியாகத் தூக்கிப் போனார்கள். உள்ளே தேனிலவுக்கு வந்திருந்த ஜோடி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்று கும்பிட்டது. மறுவாரமே குருநாதன் ஒரு கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

மரியஅந்தோணி நேரில் சொல்லிப் பார்த்தார். மனு கொடுத்தார். மனுவுக்கு ஒரு எண் வந்தது, வேறொன்றும் வரவில்லை. பிறகுதான் சவப்பெட்டிக் கடையிலிருந்து பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்து, "என் அடக்கத்துக்கு ஒத்திகை" என்று அறிவித்தார்.

"வெறும் பெட்டியத் தூக்கிப் பாத்தாப் போதாதாப்பா?" என்றான் டெனிஸ்.

"வெய்ட்டு இல்லாம என்னலே ஒத்திகை? தூக்கு."

டெனிஸும் குழாய் வேலைக்காரர்கள் மூன்று பேரும் தூக்கினார்கள். மரியஅந்தோணி பெட்டிக்குள் படுத்தபடி விசில் ஊதினார். இருபது படி இறங்கியதும் கால்பக்கம் கல்சுவரில் இடித்தது. தலைப்பக்கம் பாத்ரூம் மூலையில் மாட்டியது. அதற்குமேல் பெட்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

அங்கே நடந்த பேச்செல்லாம் ஆக்ஸிலியாவுக்கு ஜன்னல் வழியே கேட்டது. பால் கொண்டுவந்த வேலுத்தாய், பெட்டியைக் கண்டு மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"வேலுத்தாயி, செத்த சும்மா இரு. அளந்துக்கிட்டு இருக்கேன்" என்றார் பெட்டிக்குள்ளிருந்து. பால் தூக்குவாளி படிகளில் உருண்டு போகும் சத்தம் கேட்டது.

குருநாதன் ஓடிவந்தார். "மிலிட்டரி அண்ணே, எந்திரிச்சு வாங்க. என் கெஸ்ட்டுக்கு எல்லாம் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"செத்தவன் எப்படிடா எந்திரிப்பான்? மூலைய உடை."

"அந்த பாத்ரூமுக்கு பைப்பு போட்டதே நீங்கதானண்ணே! அப்பக் கண்ணு தெரியலையா?"

உண்மைதான். வெந்நீர் லைன் வரை கச்சிதமாகப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

"நான் என் சோலியப் பாத்தேன். செவுத்தப் பாக்கலடா" என்றார் மரியஅந்தோணி.

சந்து முழுக்கச் சிரிப்பு. ஆக்ஸிலியாவுக்குப் பொறுக்கவில்லை. கையில் இருந்த கத்தியோடு படியிறங்கினாள். பாதியிலேயே மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு அருகே படியில் உட்கார்ந்தாள்.

"எந்திரிங்க. ஊரே கேலி பண்ணுது. சாகறதுக்கு அம்புட்டு அவசரமாக் கெடக்கா உங்களுக்கு?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளை அவள் வெடுக்கென்று உருவினாள். அவர் கையெழுத்துத்தான். வளைவின் படம், அடிக்கணக்கு. கீழே: 'ஸ்ட்ரெச்சர். ஆள்: ஆக்ஸிலியா. வீட்டிலிருந்து ஆம்புலன்ஸ் வரை நாலு நிமிஷம்.'

"யாருக்குங்க இந்த ஒத்திகை?"

டெனிஸ்தான் வாய் திறந்தான். "போன மாசம் ஈசிஜி எடுத்தோம்லம்மா. கேஸ் டிரபிள்னு சொன்னது பொய்யி. இதயம் பலவீனமா இருக்காம். வலி வந்தா வெரசாக் கொண்டாந்திரணும்னு டாக்டர் சொன்னாரு."

"உன் பேரச் சொல்லி ஒத்திகை பாக்க மனசு வரல" என்றார் மரியஅந்தோணி, வானத்தைப் பார்த்தபடி. "அதான் என் பேர்ல பாத்தேன்."

ஆக்ஸிலியாவுக்கு அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும்போல் இருந்தது, மூச்சு போதவில்லை. இருந்த மூச்சைக் குருநாதன் பக்கம் திருப்பினாள்.

"தம்பி, நீங்க உடைக்கிறீங்களா, இல்ல நானும் இதுலயே ஏறிப் படுக்கட்டுமா?"

குருநாதன் அவளைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், பெட்டிக்கு அடியில் சூட்கேஸோடு தவழ்ந்து போய்க்கொண்டிருந்த தன் கெஸ்ட்டுகளைப் பார்த்தார். உள்ளே போய்ச் சம்மட்டியை எடுத்து வந்தார்.

"இருடா!" என்று அலறினார் மரியஅந்தோணி. "மொதல்ல வால்வ மூடு. வெந்நி லைனு இடது கைப் பக்கம் போகுது."

மூலை விழ மதியம் இரண்டு மணி ஆனது. அதுவரை அவர் எழவில்லை. சோறும் பீன்ஸ் பொரியலும் பெட்டிக்கே போயின.

தை மாதத்தில் ஒரு நாள் வெள்ளனே ஆக்ஸிலியாவுக்கு வலி வந்தது. டெனிஸும் அந்த மூன்று பேரும் ஓட்டமாகத் தூக்கிவந்த ஸ்ட்ரெச்சர் வளைவில் எதிலும் உரசாமல் திரும்பியது. மூன்றே முக்கால் நிமிடத்தில் ஆம்புலன்ஸில் இருந்தாள். பிழைத்தாள்.

மரியஅந்தோணி போனது திண்டுக்கல்லில், ஒரு கல்யாணப் பந்தியில், இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டுக் கை நீட்டியபோது. ஒத்திகை ஏதும் பார்த்ததாகத் தெரியவில்லை.

"ரோட்டுலயே நேராச் சர்ச்சுக்குக் கொண்டு போயிரலாம்மா" என்றான் டெனிஸ். "இல்லாட்டி அத்தனை படியும் வளைவும் ஏறி இறங்கணும்."

"வீட்டுக்குக் கொண்டாங்க. எனக்குன்னு உடைச்ச வழி. ஒரு தடவையாச்சும் அவரும் போகட்டும்."

ஜெபம் முடிந்து பெட்டி இறங்கியது. அதே நால்வர், பழகிய கால்கள். வளைவு வந்ததும் அவர்களை அறியாமலே ஓட்டமாக வேகம் பிடித்தார்கள். குருநாதன் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். பின்னால் வந்த ஆக்ஸிலியா கைத்தடியைப் படியில் ஓங்கித் தட்டினாள்.

"ஏலே, மெதுவாப் போங்கலே. இன்னைக்கு என்ன அவசரம்?"