அட்டைக்கடி என்று நாங்கள் நம்பியது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிஷம். எங்கள் தோட்டத்துச் சிறிய கோயிலில் சாமியார் நற்கருணையை உயர்த்தினார். மணி அடித்தது. எல்லோரும் முழந்தாளில் நின்று தலை குனிந்தோம். மணி அடித்தால் கடிகாரத்தைப் பார்ப்பது பள்ளிக்கூட வாத்தியாருக்கு வந்துவிடும் பழக்கம். அதனால்தான் நேரம் நினைவிருக்கிறது. கடிகாரத்திலிருந்து இறங்கிய என் கண், பெண்கள் பக்கம் முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்த என் மகளுடைய பாதத்தில் பட்டது. வலது உள்ளங்காலில், குதிகாலை ஒட்டி, புளியங்கொட்டை அகலத்தில் ஒரு கருப்பு.

அட்டை கடித்திருக்கும் என்று நினைத்தேன். கண்ணை மூடி ஜெபத்தைத் தொடர்ந்தேன்.

இந்த மலரை வாசிக்கிற, மலைக்குக் கீழே கீழ்நாட்டில் இருக்கும் உறவினர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். சக்குபள்ளத்து ஏலக்காட்டில் மழை பிடித்துவிட்டால் அட்டை கடிக்காத கால் கிடையாது. கடித்த இடம் அரித்துப் புண்ணாகும். காய்ந்ததும் கருப்பாய் நிற்கும். எங்கள் வீட்டில் எல்லார் காலிலும் அப்படி இருந்தது. ஆகவே கருப்பைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. இன்னொன்றும் உண்டு. பெரியவர்கள் இருக்கும் திசையில் காலை நீட்டக் கூடாது என்று சொல்லித்தான் மகளை வளர்த்தோம். அவள் எப்போதும் காலை மடக்கிப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டே உட்காருவாள். வயது வந்த பெண்ணின் உள்ளங்காலைத் தகப்பன் பார்ப்பது கோயிலில் முழந்தாளிடும்போது மட்டும்தான். ஒரு முறை பார்க்கக் கிடைத்தது. பார்த்தும் விட்டுவிட்டேன்.

மகள் பிறந்தது இதே தோட்டத்தில், பள்ளிக்கூடத்தை ஒட்டிய வாத்தியார் வீட்டில். ஆடி மாத மழையில் பாதை அடைத்துக் கிடந்ததால் கீழேயிருந்து மருத்துவச்சி வர முடியவில்லை; தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள்தான் பேறு பார்த்தார்கள். எட்டாம் வகுப்பு வரை கம்பத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது மேலே வந்தவள், திரும்பிப் போகவில்லை. தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் அவளுக்கு வேலை கிடைத்தது.

அந்தக் கொட்டகை வாசலில் ஒரு துணிக்கிழியில் உப்புக் கட்டி வைத்திருந்தாள். மத்தியானம் பால் கொடுக்க ஓடி வரும் தாய்மார்களின் காலில் அட்டை தொங்கும். பிள்ளையை எடுக்குமுன் அவர்களை நிறுத்தி, குனிந்து, ஒவ்வொரு காலிலும் உப்பை ஒற்றி அட்டையை விழச் செய்துதான் உள்ளே விடுவாள். "ஒங்க ரத்தம் போதும்க்கா, புள்ளைக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்பாளாம். தோட்டத்தில் எல்லார் காலையும் பார்த்தவள் அவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"கால்ல என்னம்மா?"

"அட்டைதான்ப்பா. ஆறிரும்."

ஆறவில்லை. தோட்டத்து லயத்தில் செல்லம்மா என்று ஒரு அம்மாள் உண்டு. அட்டைக்கடிக்குப் புகையிலையை மென்று சுண்ணாம்பு கூட்டிக் கட்டுவதில் கைராசிக்காரர் என்று பெயர். அவரை அழைத்து வந்தது நான். இரண்டு மாதம் கட்டினார். கருப்பு அகலமாயிற்று. மகள் விரல் நுனியை ஊன்றி நடக்கத் தொடங்கினாள். ஐப்பசியில் தோட்டத்துக் கம்பவுண்டர் பிள்ளைகளுக்கு அம்மை குத்தக் கொட்டகைக்குப் போனார். சிமெண்டுத் தரையில் வரிசையாக ரத்தம் தோய்ந்த குதிகால் அடையாளம். அவர் மலையாளி, எங்கள் தமிழைத் தன் பாணியில் பேசுவார்; வாத்தியாரான என்னை 'மாஷே' என்றுதான் கூப்பிடுவார். நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னை வெளியே அழைத்தார்.

"மாஷே, இது அட்டை அல்ல. அட்டைன்னா ஆறும். இது வளருது. நாளைக்கே மதுரைக்குக் கொண்டு போணும்."

"மழை விடட்டுமே."

"மழை நிக்கும் மாஷே. இது நிக்காது."

மதுரையில் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். தோலில் வரும் புற்றுநோயில் ஒரு வகை, அபூர்வமானது, இதற்கென்றே படித்தவர்கள் மதராஸில் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தோடு ஊருக்கு வந்து, மறுநாள் காலை பெரட்டு நடக்கும் இடத்துக்குப் போனேன். தொழிலாளர்கள் எல்லோரும் பேர் கொடுக்க நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையில் செல்லம்மாவைப் பார்த்து, "ஒன் புகையிலைதான் என் புள்ளைக்குப் புத்து வச்சது" என்று கத்தினேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

பாலக்காட்டில் ரயில்வேயில் வேலை பார்க்கும் என் மைத்துனர் லீவு போட்டு வந்து எங்களை மதராஸுக்கு அழைத்துப் போனார். கேரளம் என்று புது மாநிலம் பிறந்த அந்த மாதத்தில் நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் முறைக்குக் காத்திருந்தோம். பெரிய டாக்டர் வயதானவர். மகளின் காலைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். அவள் கூசிப்போய் இழுத்தாள். "இரும்மா, நான் பார்க்க வேண்டியதே இதைத்தான்" என்றார். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்ததையும் பார்த்தார். எத்தனை மாதமாக இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். புகையிலை கட்டியதையும் சொன்னேன்.

"புகையிலையால் இது வராது. நாள்தான் போய்விட்டது. நானும் அந்த ஊரில் பிறந்திருந்தால் அட்டைக்கடி என்றுதான் நினைத்திருப்பேன்."

முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும். எடுத்தாலும் உறுதி சொல்ல முடியாது. எடுக்காவிட்டால் உறுதியாகச் சொல்லலாம் என்றார். அவளுடைய அம்மா அழுதாள்.

"கால் இல்லாத புள்ளைய யாரு கட்டுவா?"

"கால் இருந்து புள்ள இல்லாட்டி மட்டும் யாரக் கட்டுவாகளாம்?" என்றாள் மகள். பிறகு என்னைப் பார்த்து, "கையெழுத்துப் போடுங்கப்பா. புள்ளைகளுக்கு மட்டும்தான் தைரியம் சொல்லிக் குடுப்பீகளா?" என்றாள். போட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஊர் திரும்பினோம். கம்பமெட்டிலிருந்து தோட்டம் வரை அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வீட்டு வாசலில் இறக்கியதும், "இனிமே அட்டைக்குப் பாதிப் பட்டினிதான்ப்பா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. கம்பவுண்டர் மட்டும் சிரித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தார்.

பெருநோய் என்று சில பேர் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் கொட்டகைக்குப் பிள்ளைகள் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அடுத்த மழை வரை, கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தாய்மார்களின் காலில் உப்பு ஒற்றினாள். இப்போது உள்ளங்காலையும் திருப்பிக் காட்டச் சொன்னாள். "அது என்னத்துக்கு?" என்று கேட்டவர்களிடம், "எங்கப்பாவும் நானும் பாக்காம விட்டதுக்கு" என்றாளாம். இதை என்னிடம் யாரும் அப்போது சொல்லவில்லை.

மழையோடு இருமல் வந்தது. நோய் நெஞ்சுக்குப் போய்விட்டது என்று மதராஸ் டாக்டர் பதில் கடிதம் எழுதினார்; தூக்கி வந்து அலைக்கழிக்க வேண்டாம், வலிக்கு மருந்து அனுப்புகிறேன் என்றார். கடைசி வாரங்களில் மகள் என்னிடம் இரண்டு காரியம் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல திங்கக்கெழமை தோறும் புள்ளைக நகம் பாக்குறீங்களே, கூடவே காலையும் பாருங்கப்பா."

"சரிம்மா."

"செல்லம்மாக்காவ வீட்டுக்கு வரச் சொல்லுங்க. புகையிலையால வராதுன்னு டாக்டர் சொன்னாருல்ல, அத நீங்க அவுககிட்ட சொன்னீங்களா?"

"சொல்றேன்."

முதல் காரியத்தை அந்தத் திங்கட்கிழமையே தொடங்கினேன். ஐம்பது பிள்ளைகளும் கூச்சப்பட்டுக்கொண்டு காலைத் தூக்கிக் காட்டினார்கள். இரண்டாவதைச் செய்யவில்லை. தினமும் லயத்து வழியேதான் கடைக்குப் போனேன். அவர் வீட்டு வாசல் வந்ததும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மழை ஓய்ந்த ஒரு காலையில், அவளுடைய அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, மகள் போய்விட்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. பெயரைச் சொல்லி எழுதக் கை வரவில்லை. வாசிக்கிற உங்கள் எல்லோருக்கும் அவள் மகளாகவும் மருமகளாகவும் தங்கையாகவும் இருந்தவள், உங்கள் வாயில் வருகிற முறையிலேயே அவளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓராண்டு ஆகிறது. பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க இந்த நினைவு மலரை அச்சிடுகிறோம். நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மழையைச் சாக்குச் சொன்ன என்னை விடாமல் அனுப்பிய கம்பவுண்டர் அவர்கள். லீவு போட்டு வந்து, ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக் கிடந்த மைத்துனர் அவர்கள். காலை மடியில் ஏந்திய டாக்டர் அவர்கள். கம்பமெட்டிலிருந்து தோள் மாற்றாமல் தூக்கி வந்த நால்வர். பயத்தை விட்டுப் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பிய தாய்மார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு பெயர் வர வேண்டும். அது நன்றிக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டிய பெயர். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன். பெரட்டுக்கு வந்த அத்தனை பேர் முன்னிலையில் ஏசியதற்கு, அத்தனை பேரும் வாசிக்கிற தாளில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நான்காம் முறை எழுதினேன். செல்லம்மா அம்மாளே, நான் சொன்னது பொய். உங்கள் புகையிலையால் என் மகளுக்கு ஒன்றும் வரவில்லை. பார்த்தும் விட்டவன் நான்.

இதை எழுதி மை காயுமுன், நேற்றுச் சாயங்காலம் நாலரை மணிக்கு, பள்ளிக்கூட வாசலில் நிழல் தட்டியது. செல்லம்மா அம்மாள் நின்றார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவரை நேராகப் பார்க்கிறேன். எழுந்து நின்றேன். எழுதிய தாளை எடுத்து வாசித்துக் காட்டப் போனேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"நீங்க ஏசுனதப் பேச வரலய்யா. புள்ள என்னைய ஒண்ணும் சொல்லல. நீங்க பள்ளிக்கூடத்துல இருக்கையில தெனமும் கொட்டகைக்குப் போயி அதப் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

பிறகு அவர் தரையில் உட்கார்ந்தார். சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, வலது காலை என் பக்கம் நீட்டினார்.

"பெரியவுக முன்னால காலை நீட்டப்படாது, தெரியும். அட்டைக்கடின்னா ஒரு மாசத்துல ஆறணும், ஆறாட்டி எங்கப்பாகிட்ட போயிக் காட்டுங்கன்னு புள்ள சொல்லிட்டுப் போச்சு. எனக்கு மூணு மாசமா ஆறல. பாருங்கய்யா."