அக்கா போட்ட கையெழுத்து

ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட சொந்தங்களே, நண்பர்களே! அக்காவின் பெருமைகளைத்தான் எழுதப்போகிறேன். நடுவில் உங்களுக்குக் கோபம் வந்தால், வரட்டும்.

அக்கா பிறந்தது தேவிகாபுரத்தில். தந்தை காலமானபோது அவருக்கு வயது பதினாறு. தாயாரையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்து, பட்டுத்தறியில் உட்கார்ந்தார். நெய்துகொண்டே படித்து ஆசிரியையானார். என்னையும் படிக்க வைத்தார். திருமணம் வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஓய்வுக்குப் பிறகு என் வீட்டில் இருந்தார்.

எழுபத்தெட்டாம் வயதில் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். இதய வால்வு இறுகிச் சுருங்கிவிட்டது என்றார் மருத்துவர். நுரையீரலும் சிறுநீரகமும் பலவீனமாக இருந்ததால், நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டாராம். தொடை இரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தலாம். அதிலும் ஆபத்து உண்டு என்றார்.

கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, அக்கா அங்கே இல்லாதது போலவே பேசினோம். "இந்த வயசுல யாருக்கோசரம் இதெல்லாம்? புள்ளையா, குட்டியா?" என்று கேட்ட மாமாவும் இன்று வந்திருக்கிறார். ஆனால் அவரைவிட நான் மோசம். மருத்துவரிடம் தனியாகப் போய், "வேணாங்க, வீட்டுக்கே இட்டுகினு போயிடறோம்" என்றேன்.

மருத்துவர் நேரே அக்காவிடம் போய், வால்வு பொருத்திக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்.

"எனக்கோசரம்தான் டாக்டர். படுத்துகினு இருக்கறவள ஒரு வார்த்த கேக்காம இவங்களே முடிவு பண்ணிட்டாங்க. காயிதத்த குடுங்க."

மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார். தன் மனையை விற்றுச் செலவையும் அவரே பார்த்துக்கொண்டார். "இன்னாடா முழிக்கிற? போயி இட்லி வாங்கினு வா" என்றார் என்னிடம். வெட்கத்தோடு போனேன்.

வால்வு பொருத்திய சில நாளில் மருத்துவமனை வராந்தாவில் நடந்தார். அப்புறம் மூன்று ஆண்டுகள் அவரைப் பிடிக்க முடியவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் வரும்வரை நகராட்சியை விடவில்லை. சொந்தக்காரர்கள் இருக்கும் தேசூரில் எந்தக் கல்யாணம் என்றாலும் பஸ் ஏறிப் போய், பந்தியில் அந்த மாமாவுக்குப் பக்கத்து இலையிலேயே உட்கார்ந்தார்.

கடைசியில் அவரைக் கொண்டுபோனது சிறுநீரகம்; வால்வு இறுதிவரை நன்றாகவே இயங்கியது. சாவு வீட்டில் "நாங்க அப்பவே சொன்னோமே" என்று முணுமுணுத்தவர்களைக் கேட்கிறேன்: என்ன சொன்னீர்கள்? மூன்று ஆண்டுகளுக்கு முன்பே போயிருக்கலாம் என்றுதானே?

மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், மருத்துவமனைக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா, என் பேச்சைக் கேட்காமல் போனதற்கு உங்களுக்கும் நன்றி. நான் வேண்டாம் என்று சொன்ன அந்த மூன்று ஆண்டுகளையும் என் வீட்டிலேயே வாழ்ந்தீர்கள்.

தம்பி
ஆரணி