பின் இடது மூலை

"அப்பாவோட மூலைய எனக்குக் குடுங்க."

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அம்மா மூன்று தடவை சொல்லியிருந்தார். அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை. பெட்டியை மூடும்போது ஒரு தடவை. லயத்து வீட்டை விட்டு இறக்கும்போது என் கையைக் கிள்ளி ஒரு தடவை. "என்ன வேணும்னாலும் கேளு லோஜினி. அத மட்டும் கேக்காத."

கேட்டேன். மயானத்தில், குழியின் விளிம்பில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன். பெண்கள் கோயில் திருப்பத்தோடு நின்றுவிட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். நான் நிற்கவில்லை.

இனி எழுதப்போவது நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன். பேராதனையில் நாலு வருடம் புள்ளிவிபரவியல் படித்தவள் நான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் பட்டம் என்னுடையது. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள். நேரங்களெல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் அன்றைக்கு என் கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. என் இடது தோளைப் பற்றி மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.

அப்பாவின் பெயர் சன்னாசி. தெல்தோட்டைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் நாங்கள். அங்கே ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில், டிரையர் அடுப்புக்கு முன்னால், முப்பத்து நாலு வருடம் நின்றார். எத்தனை தடவை குளித்தாலும் வறுபட்ட தேயிலைத் தூளின் வாசம் அவரை விட்டுப் போகாது. அடுப்புக்கு விறகு பிளக்கும்போது கோடரி தவறி, இடது காலில் சுண்டுவிரல் போய்விட்டது. மறுநாளே வேலைக்குப் போனார்.

அது சம்பளத்துக்குச் செய்த வேலை. அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது.

எங்கள் மயானம் மலை உச்சியில். பாதை கிடையாது. தேயிலைக்கு நடுவே நூற்றுப் பன்னிரண்டு படிகள். பெட்டியை இரண்டு நீளக் கம்புகளில் கட்டி, நாலு முனைக்கும் ஒருவராக நாலு பேர் தூக்குவார்கள். யார் செத்தாலும் அதே நாலு பேர்தான். கம்புக்காரங்க என்று பெயர். மரண உதவிச் சங்கத்துத் தலைவர் ராஜரத்தினம் முன்னால் வலது. கணேஸ் மாமா முன்னால் இடது. ரவிகுமார் அண்ணன் பின்னால் வலது. அப்பா பின்னால் இடது. தொழிற்சங்கத் தேர்தல் வந்தால் நாலு பேரும் நாலு கட்சி. மாதக்கணக்கில் முகம் பார்க்க மாட்டார்கள். ஆனால் கம்பு தோளில் ஏறினால் நாலு பேருக்கும் ஒரே மூச்சு.

மேலே ஏறும்போது பாரம் பின்னால் விழும். இடது பக்கம் படி தண்ணீர் ஓடும் கானுக்குள் சரிந்திருக்கும். அதனால் பின் இடது மூலைதான் ஆளைக் கொல்கிற மூலை. உச்சியில் பெட்டியை இறக்கும்போதும் அப்பாதான் கடைசி. "நீங்க எறக்குங்கப்பா, நான் வச்சிருக்கேன்" என்பார்.

ஒரு கம்புக்காரர் செத்தால் ஒரு முறை இருக்கிறது. மண் தள்ளுவதற்கு முன்னால் அவருக்குப் பிறந்த ரத்தம் ஒன்று தலைமாட்டில் நிற்க வேண்டும். அவர் தோளில் போடும் துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மூன்று தடவை சொல்ல வேண்டும்: "எறக்கி வச்சிருங்க. இனி நான் புடிச்சிக்கிறேன்."

அப்பாவுக்கு மகன் இல்லை. நான் ஒருத்திதான்.

"பொம்பளப் புள்ள தோள்ல கம்பு ஏறாது" என்றார் ராஜரத்தினம். "கீழ எறங்கு."

"அந்தத் தோள்ல ஏத்தித்தான் என்னயப் படிக்க வச்சாரு. அது எனக்குத்தான்."

"படிச்சா வாய் நீளும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் கணேஸ் மாமா.

"நீளட்டும் மாமா. உங்க மகன் கொழும்புல இருந்து செத்த வீட்டுக்கே வரல. நாளைக்கு அவன் தோளா வரப்போகுது?"

மாமாவின் முகம் செத்துவிட்டது. வாய்க்கு வாய் சண்டை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குழிக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று யாரோ கத்தினார்கள். மண்வெட்டிகள் விழுந்தன. ஐந்து நிமிடத்தில் மூடியாயிற்று. துண்டை ராஜரத்தினம் சுருட்டிச் சங்கத்துச் சாமான் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

மூன்று தடவை சொல்ல வேண்டிய அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. நான் சண்டை பிடித்ததில் அது விட்டுப்போயிற்று. 2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை.

மூன்றாம் நாள் கொடியில் தொங்கிய அப்பாவின் நீலச் சட்டையை மடிக்க எடுத்தேன். எங்கள் லயத்து அறையில், காம்பராவுக்குள்ளேதான் தொங்கியது. முழுக்கக் காய்ந்திருந்தது. இடது தோள் மட்டும் ஈரம். முகர்ந்து பார்த்தேன். வியர்வை.

கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். தகரத்தில் ஓட்டை இல்லை.

ஏழாம் நாளில் இருந்து பின் சுவருக்கு வெளியே ஒரு சத்தம். தினமும் மாலை நாலேகாலுக்கு. ஹ்ம்ம்... என்று ஒரே ஒரு முக்கல். அப்பா கம்பைத் தோளில் ஏற்றும்போது விடுகிற மூச்சு அது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேட்டுச்சாம்மா?"

"என்னத்த?"

புடைத்து முடித்த அரிசியை அவர் மறுபடி முதலில் இருந்து புடைக்க ஆரம்பித்தார்.

டிசம்பர் 4, புதன்கிழமை. அப்பாவுக்குக் கருமாதி. சங்கத்து ஆட்கள் படத்துக்கு மாலை போட்டு ஆளாளுக்குப் பேசினார்கள். கணேஸ் மாமா பேச ஆரம்பித்து, முடியாமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். "என் பின்னாடி நின்ன மனுசன்" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

அன்றைக்கே இன்னொரு அடக்கம். மேல் லயத்து மூக்காயிக் கிழவி இரண்டு நாளுக்கு முன் செத்திருந்தார். கம்புக்காரர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவதாக என் சித்தப்பா மகன் ரமேஸைப் பிடித்தார்கள். கண்டியில் போன் கடையில் வேலை செய்கிறவன். ஒரு மூட்டை மாவு தூக்கினால் இரண்டு நாள் படுத்துக் கிடப்பான். ஆனால் ஆம்பிளை.

3.40. சங்கப் பெட்டியைத் திறந்தார்கள்.

நாலு துண்டுகள். மூன்று காய்ந்து, பூஞ்சை பிடித்து, பலகை மாதிரி இருந்தன. அப்பாவுடையது நனைந்திருந்தது. தொட்டேன்.

சுட்டது.

இப்போதுதான் ஒரு தோளில் இருந்து எடுத்துப் போட்டது மாதிரி.

"மழத்தண்ணி எறங்கியிருக்கும்" என்றார் ராஜரத்தினம். மற்ற மூன்றையும் அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே பூட்டைத் தூக்கி இடுப்பில் செருகினார்.

"அக்கா, பெரியப்பா இஸ்திரி போட்டு அனுப்பியிருக்காரு" என்று ரமேஸ் சிரித்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

4.15. தூக்கினார்கள். ஹ்ம்ம்... என்று சத்தம் கேட்டது. ரமேஸின் வாய் மூடித்தான் இருந்தது.

தப்பு அடிக்கிறவர்கள் முன்னால் போனார்கள். ஊர் ஆட்களும் முன்னால். பனிப்புகை இறங்கி, அவர்கள் சீக்கிரமே மறைந்துவிட்டார்கள். கோயில் திருப்பத்தில் பெண்கள் நின்றார்கள். நான் குடையோடு பெட்டிக்குப் பின்னாலேயே போனேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

படிகளை எண்ணினேன். நாற்பதாவது படியில் ரமேஸ் திரும்பினான்.

"அக்கா, இதுக்குப் போய் சண்ட புடிச்சியா? பாரமே இல்ல. சும்மா தொட்டுக்கிட்டு வாறேன்."

அறுபதாவது படி. அவன் மறுபடி திரும்பினான். இப்போது சிரிப்பு இல்லை.

"தோள்ல கைய வைக்காத."

"நானா? நான் நாலு படி கீழ நிக்கிறேன்டா."

"அப்ப யாரு..."

முடிக்கவில்லை. 4.38. மேலே தப்புச் சத்தம் நின்றது. அவர்கள் உச்சிக்குப் போய்விட்டார்கள். மழை இல்லை, காற்று இல்லை. நாலு பேருடைய மூச்சு மட்டும்.

எண்ணிப் பார்த்தேன். நாலு இல்லை. ஆறு.

எழுபத்தோராவது படியில் ரமேஸ் விழுந்தான். வழுக்கவில்லை. யாரோ பக்கவாட்டில் நகர்த்திவிட்டது மாதிரி கம்புக்கு அடியில் இருந்து விலகி, தேயிலைச் செடிக்குள் சரிந்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பெட்டி சாயப்போகிறது. கிழவி உருளப்போகிறார்.

பெட்டி சாயவில்லை.

பின் இடது முனை அந்தரத்தில் நின்றது. அதற்கு அடியில் யாருமே இல்லை. துண்டு அந்த முனையில் மடிந்தபடி தொங்கியது. முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் எதுவும் தெரியாது. நடந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் அடி வைக்க, அந்த முனையும் தாழ்ந்தது, எழுந்தது. தாழ்ந்தது, எழுந்தது.

வறுபட்ட தேயிலைத் தூள் வாசம் வந்தது.

கீழே பார்த்தேன்.

பார்த்திருக்கக் கூடாது.

கான் ஓரத்துச் சேற்றில் தடம் விழுந்துகொண்டிருந்தது. என் கண் முன்னாலேயே. வெறுங்கால். ஒன்று... இன்னொன்று. இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

"அப்பா..."

தடம் நிற்கவில்லை.

அதற்கு முன்னால் இன்னொரு தடம்.

பெரியது. அகலமானது.

விரல்களை எண்ணினேன்.

ஆறு.

ரவிகுமார் அண்ணன் தன் இடது பக்கம் திரும்பினார். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. முகத்தை மெதுவாக முன்னால் திருப்பிக்கொண்டார்.

"நடங்க" என்றார். "யாரும் திரும்பாதீங்க. நடங்க."

4.57. உச்சி. முன்னால் இரண்டு பேரும் இறக்கினார்கள். ரவிகுமார் அண்ணன் இறக்கினார். பின் இடது முனை மட்டும் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது.

பிறகு மெதுவாக... மிக மெதுவாக... இறங்கியது.

எப்போதும் போல, கடைசியாக.

6.05க்கு எங்கள் காம்பராவில் எல்லாரும் இருந்தோம். அப்பாவின் படத்துக்கு முன்னால் கருமாதி விளக்கு எரிந்தது. மூன்று கம்புக்காரர்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கதிரையில் ரமேஸ். அவன் தோளில் காயம் ஒன்றும் இல்லை.

"தள்ளி விட்டாங்க அக்கா" என்றான். "கோவமா இல்ல. அடுப்புக்கிட்ட போற புள்ளயத் தள்ளி விடுவாங்களே, அப்படி."

தடத்தைப் பற்றிச் சொன்னேன். சுண்டுவிரல் இல்லாத கால் என்றதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஆறு விரல் என்றதும் ராஜரத்தினம் எழுந்துவிட்டார்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. எண்ணினேன்."

அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டே அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"மாயாண்டி" என்றார். "ஒங்கப்பாவுக்கு முன்னாடி அந்த மூலையில நின்னவரு. தொண்ணூறுல செத்தாரு. நீ பொறக்கவே இல்ல. எடது கால்ல ஆறு வெரலு. ஒரே மகன். அவன் எம்பத்து நாலுலயே இந்தியாவுக்குக் கப்பலேறிட்டான். குழிக்கிட்ட நின்னு சொல்ல ரத்தம் இல்ல. சரி, சொல்லாட்டி என்னன்னு மண்ணத் தள்ளிட்டோம். மறுவாரம் சன்னாசி அந்த முனைக்கு வந்தாரு."

ரவிகுமார் அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவரு ஒருநாளும் பாரம்னு சொன்னதில்ல. எடம் இல்லன்னுதான் சொல்லுவாரு. கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு சொல்லுவாரு. யாருகிட்ட சொல்றாருன்னு நாங்க கேட்டதில்ல."

நான் அம்மாவைப் பார்த்தேன். "ஒனக்குத் தெரியும்."

"அவரே சொன்னாருடி" என்றார் அம்மா. "சாகுறதுக்கு ஒரு மாசம் முன்னால. முப்பத்து நாலு வருசமா எனக்கு முன்னால ஒருத்தரு நிக்கிறாரு கஜலட்சுமி, எறக்க மாட்டேங்கிறாரு. எம்புள்ள ரோசக்காரி, அந்த மூலையக் கேப்பா. கேக்க விடாதன்னு."

இத்தனை நாளும் பெண் என்பதால் வாயை மூடச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கொதித்தேன். அந்த மூன்று பேருக்கும் காரணம் அதுதான். அப்பாவுக்கு அது இல்லை.

கோபம் போகவில்லை. இன்னும் கூடியது. எனக்குப் பாரம் வரக் கூடாது என்று அவர் அங்கே நின்றுகொண்டிருக்கிறார். யாரும் சொல்லாததால் இறக்க முடியாமல் நிற்கிறார். நாளைக்கும் நாலேகாலுக்கு அந்த முக்கல் கேட்கும். நாளை மறுநாளும்.

உச்சியில் இருந்து எடுத்துவந்த துண்டு வாசல்படியில் கிடந்தது. எடுத்தேன். இன்னும் சூடு ஆறவில்லை.

கணேஸ் மாமா வழியை மறித்தார். சண்டைக்கு இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. "வேணாம் புள்ள. நீ இப்ப போய்ச் சொன்னாலும் சன்னாசி எறக்கிருவாரு. சரி. மாயாண்டி எறக்க மாட்டாரு. அந்த ஆளோட நீ நிக்கணும்."

"தெரியும் மாமா."

"நாளைக்கு ஒனக்கு யாரு வந்து சொல்லுவா?"

யாரும் வர மாட்டார்கள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மணி 6.31. அம்மா என் கையைப் பிடித்தார். இந்தத் தடவை கிள்ளவில்லை. நான் விடுவித்துக்கொண்டு, துண்டை இடது தோளில் போட்டேன். உடனே அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது.

வாசலைத் தாண்டி, மயானத்துப் படியைப் பார்த்து நடந்தேன்.