டார்ச் லைட்டோடு வந்த சம்பந்தி

போன வாரம் பரமத்தி வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

"எப்பங்க ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லியுடலீங்களே!"

"யாருக்குங்க?"

"உங்க மச்சானுக்குத்தானுங்க..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன் ராமசாமி. அரை மணி முன்னால்தான், இட்லி கல்லு மாதிரி இருக்கிறதென்று தட்டைத் தள்ளிவிட்டார்!

விஷயம் இதுதான். மச்சானுக்குக் குடலில் புற்றுநோய். மெட்ராஸில் ஒரு டாக்டர், இன்னும் சோதனை அளவில்தான் என்று சொல்லியே, புது வைத்தியம் செய்தார். முதலில் ஊசியில் ஒரு மருந்து. அது கட்டியில் போய்த் தங்கிக்கொள்ளும். இரண்டொரு நாள் கழித்து ஆசனவாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, உள்ளே வெளிச்சம் பாய்ச்சுவார்கள். வெளிச்சம் பட்டதும் மருந்து விழித்துக்கொண்டு கட்டியைப் பொசுக்கும்.

"எங்க லைட் அடிச்சாங்கன்னு மட்டும் ஊருக்குள்ள சொல்லிப்போடாதீங்க மாப்ள" என்று மச்சான் கேட்டுக்கொண்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை... உங்களைத் தவிர.

ஒரு சிக்கல். அந்த மருந்து தோலிலும் கொஞ்ச நாள் இருக்கும். வெயிலோ பளிச்சென்ற விளக்கோ பட்டால் தோல் வெந்துவிடும். ஆகவே ஒரு மாதம் இருட்டறை வாசம். ஜன்னலுக்கெல்லாம் கம்பளி.

நம் பக்கத்தில் உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்க்காவிட்டால் ஜென்மப் பகை. ஹார்லிக்ஸும் கையுமாக வந்தார்கள். பார்க்க முடிந்தால்தானே? இருட்டுக்குள் ஏதோ முனகல் கேட்டது, அவ்வளவுதான். வெளியே போய் அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள் — ஆள் போய்விட்டார், அவர் மகளுக்கு நிச்சயித்த கல்யாணம் தள்ளிப்போகுமே என்று மூடி மறைக்கிறார்கள்!

பேச்சு நாமக்கல் வரை போயிற்று. கல்யாண மாப்பிள்ளையின் அப்பா மறுநாளே வந்து நின்றார். கையில் மூணு கட்டை டார்ச் லைட்!

"சம்பந்தி மொகத்த ஒருக்கா பாத்துட்டாப் போதுமுங்க."

என் மனைவி கதவை மறித்தாள். "லைட் அடிச்சா அண்ணனுக்குத் தோலு வெந்துருமுங்க!"

"வெளிச்சத்துல வைத்தியம்ங்கறீங்க, வெளிச்சமே ஆவாதுங்கறீங்க... எதைங்க நம்பறது?"

நியாயமான கேள்வி. எனக்கே டாக்டர் இரண்டு தடவை விளக்கியிருக்கிறார். டார்ச்சைத் தடுத்தால் கல்யாணம் நின்றுவிடும், விட்டால் மச்சான் பாடு ஆபத்து.

சம்பந்தி பெருமூச்சு விட்டார். "சரி, அப்படியே கல்யாணம் நடந்தாலும் வெத்தலைய நாங்களே சந்தையில வாங்கிக்கறோமுங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

வெற்றிலைத் தோட்டக்காரர் வீட்டில் சொல்கிற வார்த்தையா அது? உள்ளே கட்டில் அதிர்ந்தது.

"என்னது! கொடிக்கால்காரன் ஊட்டுக் கல்யாணத்துக்குச் சந்தை வெத்தலையா? யாரக் கேட்டு முடிவு பண்ணுனீங்க?"

சம்பந்தி முகம் மலர்ந்துவிட்டது. "அவரேதானுங்க! நிச்சயத்தன்னைக்கும் இதே சண்டைதானுங்க!" டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு காபி கேட்டார்.

அவர் போனதும் உள்ளே போனேன். மச்சான் தடவித் தடவி என் கையைப் பிடித்தார்.

"மாப்ள... கட்டி நெசமாலுமே கரைஞ்சுருமுங்களா?"

"கரைஞ்சுரும் மச்சான்" என்றேன். எனக்கென்ன தெரியும்? பயம்தான் தெரியும். இருட்டில் என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அந்த மட்டும் நல்லதாகப் போயிற்று.

கல்யாணம் சொன்ன தேதியில், விடிகாலை முகூர்த்தத்தில் நடக்கிறது. பெண்ணின் அப்பா மணவறை ஓரமாக, தலையில் முக்காட்டோடு உட்கார்ந்திருப்பார். வீடியோ எடுக்க வருகிற தம்பிக்கு ஒரே ஒரு வேண்டுகோள் — அந்தப் பெரிய லைட்டை மாப்பிள்ளையின் அப்பா முகத்திலேயே பிடியப்பா, அவருக்குத்தான் முகம் பார்க்க ஆசை!