கடிதத்தில் செத்துப்போன அப்பா

திருகோணமலைத் துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்தாளர் வேலைக்கு நான் இன்டர்வியூ போய்வந்து மூன்று கிழமையாகியும் பதில் இல்லை. இருந்தது ஒரேயொரு இடம். இதுவும் கைநழுவினால் வீட்டில் பேசிவைத்த கலியாணத்துக்குத் தலையாட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அந்த மாப்பிள்ளையை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நினைவூட்டி ஒரு கடிதம் போடலாமென்று அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் மரத்தடியில் இருந்து மனு, பெற்றிசம் எழுதுபவரிடம் போனேன். ஆங்கிலத்தில் எதையும் பார்த்து அடிப்பேன். சொந்தமாக நாலு வரி எழுத வராது. அந்த மனுசன் கேள்வி ஒன்றும் கேட்காமல் டைப்ரைட்டரில் அடித்துத் தள்ளினார். தபால் எடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. வாசிக்காமலே கையெழுத்து வைத்துப் பெட்டியில் போட்டேன். புத்தி எங்கே போயிருந்ததோ தெரியாது.

வீட்டுக்கு வந்துதான் கார்பன் நகலை விரித்து வாசித்தேன். தகப்பனை இழந்து தவிக்கும் ஏழைப் பெண்ணாம் நான். அப்பாவோ குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பெற்றிசம் என்றால் வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும் என்பது அந்த மனுசனின் கைப்பழக்கம். அப்பாவுக்கு மூதூருக்கு ஆள் ஏற்றி ஓடும் லோஞ்சில் வேலை என்று இன்டர்வியூவில் நானே வாயால் சொல்லியிருந்தேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கந்தோருக்கு ஓடினேன்.

"ஐயா, அப்பா உயிரோடதான் இருக்கிறார். எழுதினவர் தன்ர எண்ணத்துக்கு எழுதிப்போட்டார்."

என்னை இன்டர்வியூ செய்த அந்த அதிகாரி சிரிக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து இன்னும் நாலு கடிதங்களை எடுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் அதே வரி.

"இவையின்ர தகப்பன்மாரும் செத்திட்டினமாம், பிள்ளை. உண்மையைச் சொல்ல வந்தது நீங்கள் ஒராள்தான். வேலை உங்களுக்குத்தான்."

மேலே கிடந்த கடிதத்தில் இருந்த கையெழுத்து, என்னோடு தட்டெழுத்துப் படித்தவளுடையது. அவளுடைய அப்பா போன மாரியில் கடலில் மூழ்கிப் போனவர். செத்தவீட்டில் அவளை விழாமல் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

"எல்லாம் பொய்தானே?" என்று அவர் கேட்டார்.

"ஓம் ஐயா" என்றேன்.